பில் வேணுமா சார்?

வீட்டில் கேம்ஸ் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்களுக்கு கன்சோலோ கேம் டிஸ்க்கோ வாங்கித் தரக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

நான் குடியிருப்பது புதுச்சேரி மூலக்குளத்தில். இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் ரோட்டில் வந்தால், ரெட்டியார்பாளையத்துக்கு அடுத்த ஊர். 2022 ஜூன் மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். என் அக்கா மகன் நல்ல மார்க் வாங்கியிருந்தான். "மார்க் வாங்கினால் பிளேஸ்டேஷன் 5" என்று அவன் அப்பா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா வீட்டுக்காரருக்கு கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாது. அதனால் "நீயும் வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் கேம் கன்சோல் வாங்கிப் பழக்கம் இல்லை என்பதை அன்றைக்கு நானும் ஒப்புக்கொள்ளவில்லை.

நகரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருந்த எம்ஆர்பி 49,990 ரூபாய். "ஸ்டாக் இருக்கு சார். ஆனா தனியா தர முடியாது. ரெண்டு கேமோட சேர்த்துத்தான்" என்றார் கடைக்காரர். அந்த இரண்டில் ஒன்று பையன் கேட்ட ஃபுட்பால் கேம். இன்னொன்று கார் ரேஸ். அது அவனுக்கு வேண்டாம். "வேணாம்னா விடுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்று பதில் வந்தது. பையனின் முகத்தைப் பார்த்தோம். சரி என்று சொல்லிவிட்டோம். மொத்தம் 60 ஆயிரத்தை நெருங்கியது. அக்கா வீட்டுக்காரர் ரொக்கமாகக் கொண்டுவந்திருந்தது போதவில்லை. 10 ஆயிரத்தை என் போனிலிருந்து யுபிஐ மூலம் அனுப்பினேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"பில் வேணுமா சார்? ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேர்ந்து வரும். எதுக்கு சார் உங்களுக்கு வீண் செலவு?"

அக்கா வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு ஒன்றில் தொகையை எழுதி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கன்சோலை டிவியில் மாட்டி ஃபுட்பால் டிஸ்க்கைப் போட்டால், இன்ஸ்டால் பாதியிலேயே நின்றது. டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் வட்டம் வட்டமாகக் கீறல். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அங்கங்கே தொளதொளவென்று இருந்ததை பையன் பிரிக்கும்போதே சொல்லியிருந்தான். புது டிஸ்க் என்று எங்களுக்கு விற்றது, யாரோ ஆடி முடித்துக் கொடுத்த டிஸ்க். மறுநாள் கடைக்குப் போனோம். "நீங்க வீட்ல கீறியிருப்பீங்க" என்றார்கள். ஸ்டாம்ப்பைக் காட்டினார்கள். திரும்பி வந்தோம்.

இந்தக் கதையை ஆபீஸிலும் தெருவிலும் சொன்னபோது ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவருக்கு ஓடாத கன்ட்ரோலர். இன்னொருவருக்கு முன்பணம் வாங்கிவிட்டு "ஸ்டாக் வரல" என்று மூன்று மாதம் இழுத்த கடை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட எங்கும் புகார் செய்திருக்கவில்லை. என்னுடைய கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேம் கடைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை சட்டத்தில் ஏற்கெனவே தடை செய்யப்பட்டவைதான். அவை தொடர்ந்து நடப்பதற்குக் காரணம், நாம் பில் கேட்காததும் புகார் செய்யாததும்தான்.

ஏன் கேம் கடையில் மட்டும் ஏமாறுகிறோம்?

மிக்ஸி வாங்கும்போது நாம் இப்படி ஏமாறுவதில்லை. மூன்று கடை ஏறி இறங்குகிறோம். ஓடவிட்டுக் காட்டச் சொல்கிறோம். வாரண்டி கார்டில் சீல் போட்டு வாங்குகிறோம். காரணம், பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே வீட்டில் ஒரே பேச்சில் இருக்கிறார்கள். கேம் விஷயத்தில் அப்படி இல்லை. பணம் கொடுக்கும் அப்பாவுக்கு எந்த டிஸ்க் எதில் ஓடும் என்று தெரியாது. தெரிந்த பையனுக்கு பில், வாரண்டி, ஜிஎஸ்டி பற்றித் தெரியாது. தெரிந்தாலும் அப்பா மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் பேச மாட்டான். பொருள் பழுது என்றால்கூட வீட்டில் சொல்லத் தயங்குவான். "அந்தக் காசுக்கு வேற ஏதாச்சும் வாங்கியிருக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இந்த இடைவெளியை நேர்மையில்லாத கடைக்காரர் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.

எங்கள் ஊருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முன்பெல்லாம் தமிழ்நாட்டைவிட இங்கே விற்பனை வரி குறைவு. கடலூர், விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து டிவி, ஃபிரிட்ஜ் வாங்க இங்கே வருவார்கள். "பாண்டி விலை" என்ற பேச்சு அப்படி வந்ததுதான். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபின் இந்த வித்தியாசம் போய்விட்டது. வீடியோ கேம் கன்சோலுக்கு ஆரம்பத்தில் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. இது புதுச்சேரிக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் ஒன்றுதான். ஆனால் "பில் இல்லாட்டி விலை குறையும்" என்ற எண்ணம் மட்டும் நம் மனதைவிட்டுப் போகவில்லை.

பிளேஸ்டேஷன் 5 கற்றுக் கொடுத்த பாடம்

எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. பிளேஸ்டேஷன் 5 வெளிநாடுகளில் 2020 நவம்பரில் வெளிவந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது. டிஸ்க் போடும் மாடலின் விலை 49,990 ரூபாய். ஜனவரி 12 அன்று முன்பதிவு தொடங்கியது. சில நிமிடங்களிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு இருந்ததால், அதன்பிறகும் நீண்ட நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரக்கு வந்தது. 2022 நவம்பரில் இங்கே விலையும் 54,990 ஆக ஏறியது.

தட்டுப்பாடு வந்தால் என்ன நடக்கும் என்று மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற தலைமுறைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்சோல் வேண்டுமானால் கூடவே இரண்டு கேம், இன்னொரு கன்ட்ரோலர், ஹெட்செட் என்று கட்டாயக் கூட்டு விற்பனை பல ஊர்களில் நடந்தது. எம்ஆர்பிக்கு மேல் விலை சொன்னார்கள். இதைக் கேம் விளையாடுபவர்கள் "பண்டில்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். ஏதோ சலுகை போல!

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கன்சோல் தனியாகவும் கிடைக்கும், இரண்டு கேமோடு வாங்கினால் விலை குறையும் என்றால் அது சலுகை. தனியாகத் தரவே மாட்டேன் என்றால் அது வேறு. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையும் வாங்கியே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடுவதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(41) கட்டுப்பாடான வணிக நடைமுறை என்று சொல்கிறது. இதன்மீது புகார் கொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது இருந்தது. அதாவது, அன்று கடையில் நின்றபோது சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கடையில் சொல்வதும் சட்டம் சொல்வதும்

அடிக்கடி காதில் விழும் சில பேச்சுகளை எடுத்துக்கொள்வோம்.

"ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் கூட வரும்." தவறு. எம்ஆர்பி என்பது எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை. பில் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. எம்ஆர்பிக்கு மேல் விற்றால் எடையளவுத் துறையில் புகார் செய்யலாம். பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. நீங்கள் கேட்டுத்தான் தரவேண்டும் என்பதில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." இந்த ஸ்டாம்ப்புக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. பில்லில் இப்படி அச்சிடுவது சரியல்ல என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 1999-லேயே சொல்லிவிட்டது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே பிரிவு 2(47)-ல் வருகிறது. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் கொண்டுபோக வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்கள்.

"சீல் பிரிச்சிட்டா மாத்த முடியாது." உள்ளே இருப்பது பழுதான டிஸ்க்கா என்று சீலைப் பிரிக்காமல் எப்படித் தெரியும்? பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும்போது இந்த நிபந்தனை நியாயம். பழுது என்றால் பொருந்தாது. சீலையே முழுவதும் நம்பவும் வேண்டாம். பிளாஸ்டிக்கைச் சுற்றிச் சூடு காட்டினால் பழைய பெட்டியும் புதுசு போல ஆகிவிடும். கடையிலேயே, அவர்கள் கண் முன்பாகவே பிரித்து, டிஸ்க்கின் அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

"இது இம்போர்ட்டட் பீஸ் சார், விலை கம்மி." இந்தியாவில் முறையாக விற்கும் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் இருக்கவேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லை என்றால் அது யாரோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததாக இருக்கலாம். பழுதானால் இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2017-ல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் போன்றவற்றை அந்தக் கம்பெனி இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு விடவே இல்லை. நம் கடைகளில் பார்த்ததெல்லாம் இப்படி வந்தவைதான். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாரண்டி யார் தருவது என்று கேட்டு, கடைக்காரர் தருவதாக இருந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டு டிஸ்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்கு ஆன்லைனில் வாங்கும் கூடுதல் பகுதிகள், டிஸ்க் எந்தப் பகுதிக்கானதோ அதே பகுதியின் அக்கவுன்ட்டில் வாங்கினால்தான் ஒத்துப்போகும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

"ஃபுல் கேம் 500 ரூபாய்தான்." இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. டிஸ்க் கிடையாது. யாரோ ஒருவரின் அக்கவுன்ட் பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் கன்சோலில் போட்டுத் தருவார்கள். அதே அக்கவுன்ட்டை இன்னும் பலருக்கும் விற்றிருப்பார்கள். ஒருநாள் பாஸ்வேர்ட் மாறும், அல்லது கம்பெனியே அந்த அக்கவுன்ட்டைப் பூட்டிவிடும். போன் செய்தால் கடைக்காரர் எடுக்க மாட்டார். ஜெயில்பிரேக் செய்து ஹார்ட் டிஸ்க் நிறையக் கேம் ஏற்றிய பழைய பிஎஸ்4 விற்பதும் இந்த வகைதான். ஆன்லைனுக்குப் போனால் தடை வரலாம். சாஃப்ட்வேர் அப்டேட் செய்ய முடியாது. புகார் கொடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் நீங்கள் வாங்கியதே திருட்டுச் சரக்கு.

"செகண்ட்ஸ் டிஸ்க், பாதி விலை." கன்சோல் டிஸ்க் என்றால் தாராளமாக வாங்கலாம். கம்ப்யூட்டர் கேம் என்றால் யோசியுங்கள். 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமை டிவிடியில் வாங்கினாலும் ஸ்டீம் அக்கவுன்ட்டில் பதிவு செய்தால்தான் ஆட முடிந்தது. அதற்குப் பிறகு பல கம்ப்யூட்டர் கேம்கள் அதே வழிக்கு வந்துவிட்டன. பெட்டிக்குள் இருக்கும் கீயை முதலில் வாங்கியவர் தன் அக்கவுன்ட்டில் போட்டிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது வெறும் பிளாஸ்டிக் தட்டுதான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான்

"நம்ம ஊர்லதான் சார் இப்படி" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கேம்ஸ்டாப் என்ற பெரிய கேம் கடைத் தொடர் உண்டு. 2017-ல் அதன் ஊழியர்கள் சிலர் பத்திரிகையிடம் சொன்ன விஷயம் இது. விற்பனையில் இத்தனை சதவீதம் பழைய கேம், இத்தனை முன்பதிவு என்று கடைகளுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். அந்த இலக்கை எட்டுவதற்காக, புது டிஸ்க் உள்ளே இருந்தும் இல்லை என்று சொல்லிப் பழையதை விற்றதாக ஊழியர்களே சொன்னார்கள்.

ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ஸ்டீம் நடத்தும் வால்வ் கம்பெனி, பணம் திருப்பித் தருவதில்லை என்று விதி வைத்திருந்தது. அங்குள்ள நுகர்வோர் ஆணையம் 2014-ல் வழக்குப் போட்டது. 2016-ல் கோர்ட் வால்வ் செய்தது தவறு என்று தீர்ப்புக் கொடுத்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இதற்கிடையே 2015 ஜூனில் ஸ்டீம் தானாகவே உலகம் முழுவதற்கும் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். இன்று மூலக்குளத்தில் இருக்கும் பையனும் இந்த வசதியைப் பயன்படுத்துகிறான். 2020 ஜூனில் சோனியின் ஐரோப்பியக் கிளைக்கும் அதே நாட்டில் 35 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. டவுன்லோட் செய்துவிட்டால் பணம் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் தவறாகச் சொன்னதற்காக.

2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்த சைபர்பங்க் 2077 கேம், பழைய கன்சோல்களில் சரியாக ஓடவில்லை. புகார்கள் குவிந்தன. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. டிஸ்க்காக வாங்கியவர்களிடம் கேமைத் தயாரித்த கம்பெனி சொன்னது, "முதலில் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்" என்று. எங்களைப் போலத் துண்டுச் சீட்டு வைத்திருப்பவர் எந்தக் கடையில் போய் நிற்பது?

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் தவறு. சின்னக் கடைக்காரருக்குக் கன்சோலில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. ஆன்லைன் கடைகள் தள்ளுபடி கொடுக்கும்போது அவரால் போட்டி போட முடியாது. மேலே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கன்சோலோடு விற்காத கேம்களையும் தலையில் கட்டினால், அவர் அதை நம் தலையில் கட்டுகிறார். நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சனிக்கிழமை கேம் வாங்கி, ஞாயிறு ராத்திரிக்குள் ஆடி முடித்து, திங்கட்கிழமை "ஓடல" என்று கொண்டுபோய் நிற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். நல்ல டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் கீறல் விழுந்த டிஸ்க்கை மாற்றி வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பழுதுக்குத்தான் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கேம் போரடித்தால் அதற்கு யாரும் பொறுப்பல்ல.

அதோடு, கடைகள் மூடிப்போனால் நஷ்டம் நமக்குத்தான். டிஸ்க்காக வாங்கிய கேமை ஆடி முடித்ததும் விற்கலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்து வாங்கலாம். டவுன்லோட் செய்த கேமை விற்கவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நாலாயிரம், ஐந்தாயிரம் என்று கேம் விற்கும் காலத்தில், நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்குப் பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடைதான் கை கொடுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கடை வேண்டும். ஆனால் நேர்மையான கடையாக வேண்டும். கடைக்காரர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. எல்லாவற்றுக்கும் பில். பழையது என்றால் பெட்டியில் "பழையது" என்று ஒரு ஸ்டிக்கர். பழுதானால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று சுவரில் ஒரு அறிவிப்பு. இதைச் செய்யும் கடைக்கு நான் மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறிப் போகத் தயார்.

புகார் செய்வது எப்படி?

கோர்ட், வக்கீல் என்று பயப்பட வேண்டாம். முதலில் கடைக்கே எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்து தமிழிலேயே புகார் சொல்லலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. கன்சோலும் கேமும் இதற்குள்தான் வரும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யவேண்டும். 2019 சட்டத்தின்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பொருளுக்குப் புதுச்சேரியில் வழக்குப் போடலாம் என்று அர்த்தம். வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் புகார் பதிவு செய்ய, 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற வெப்சைட் இருக்கிறது.

பில் இல்லையே, என்ன செய்வது என்கிறீர்களா? பில் இருந்தால் வேலை சுலபம். இல்லை என்றாலும் நம்பிக்கையை விட வேண்டாம். யுபிஐ ரசீது, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், பெட்டியிலுள்ள சீரியல் நம்பரின் போட்டோ எல்லாமே சாட்சிதான்.

எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். நான் அனுப்பிய 10 ஆயிரத்துக்கான யுபிஐ ரசீது போனில் இருந்தது. ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். என்ன வாங்கினோம், என்றைக்கு, எவ்வளவு, எந்தெந்தப் பிரிவு என்று வரிசையாக. ரசீதின் நகலை இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. "எதுக்கு சார் இதெல்லாம், நேர்ல வந்திருந்தா மாத்திக் கொடுத்திருப்போமே" என்றார்கள். நேரில் போனதை நினைவுபடுத்தினேன். டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தார்கள். கூடவே கட்டிக் கொடுத்த கார் ரேஸ் கேமுக்கான பணம் மட்டும் திரும்பி வரவில்லை. ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். "போதும் விடு, டிஸ்க் கிடைச்சுதே" என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எங்களைப் போல எல்லோரும் விட்டதால்தானே அடுத்தவருக்கும் அதே கூட்டு விற்பனை நடந்தது!

அந்தப் பையன் இப்போது காலேஜை முடிக்கிற வயதில் இருக்கிறான். பென் டிரைவ் வாங்கினால்கூட பில் கேட்டு, வாங்கிய உடனே போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறான். அக்கா வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நான் செய்வதில்லை.

அடுத்த முறை உங்களிடம் கடையில் "பில் வேணுமா சார்?" என்று கேட்டால், யோசிக்காமல் வேண்டும் என்று சொல்லுங்கள். விலை ஏறும் என்றால், பெட்டியில் இருக்கும் எம்ஆர்பியைக் காட்டுங்கள். கூடவே பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்க்கை அவன் பார்க்கட்டும், பில்லை நீங்கள் பாருங்கள்.